பூச்சி என்று நான் எழுதிய மரம்

அருளு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் சொன்னதைக் கேட்டு எதையும் செய்துவிடாதே. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. "மா, நாப்பது மரம் லிஸ்ட்ல இருக்கு. எல்லாத்துக்கும் நேரா தண்டுத் துளைப்பான் புழுன்னு டைப் பண்ணியே குடுத்திருக்காங்க. நான் பாத்ததுல ஏழு மரத்துலதான் புழு இருக்கு, மத்ததெல்லாம் கல்லாட்டம் நிக்குது" என்று நீ சொன்னாய். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் மலைச் சாலையை அகலப்படுத்த அந்த மரங்கள் இடைஞ்சல் என்றும், நல்ல மரத்தை வெட்ட வேண்டுமென்றால் ஊரைக் கூட்டி ஆட்சேபம் கேட்க வேண்டும், பூச்சி விழுந்த மரம் என்றால் ஜே.இ.யான உன் கையெழுத்தே போதும் என்றும் சொன்னாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சரிவுக்குக் கீழ பதினெட்டு வீடு இருக்கு மா. அந்த வேருங்கதான் மண்ணைப் பிடிச்சு வெச்சிருக்கு" என்றாய். அதற்கு உன்னைப் பெற்ற நான் என்ன சொன்னேன்? "நீ அங்க போய் நாலு மாசம்தான் ஆகுது. மேல இருக்கறவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப் போகுது? போட்டுட்டுப் போடா" என்றேன். நீ "சாப்ட்டியா மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அந்த "சாப்ட்டியா மா" என்னை நாலு நாளாகத் தின்கிறது.

போனிலேயே திருத்திச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "சரி மா, சரி மா" என்பாய், நானும் பாதியை முழுங்கிவிடுவேன். எழுதினால் முழுங்க முடியாது. இதை நான் கவருக்குள் ஒளித்தும் அனுப்பவில்லை. இதில் இருக்கிற விஷயத்தையே மனுவாக எழுதி, நான் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த வார்டு ஆபீசில் இன்று காலை கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கே இருக்கிற பிள்ளைகள் படித்துச் சிரித்தாலும் சிரிக்கட்டும், காறித் துப்பினாலும் துப்பட்டும். ஆனால் முதலில் தெரிய வேண்டியது உனக்கு.

நான் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்தேன் என்று உனக்குத் தெரியும். என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது. நான் வீட்டில் ஆபீஸ் பேச்சே எடுக்கமாட்டேன், உங்கள் அப்பா பொம்மசந்திரா ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்குகிற மனுஷன், அவரிடம் என்னத்தைச் சொல்ல. மோரி என்கிற சாக்கடைக் கால்வாய் தோண்டுவது, ஃபுட்பாத்துக்குக் கல் பதிப்பது, மழைக்கு முன்னால் மரக்கிளை கழிப்பது, இதையெல்லாம் நின்று பார்த்து, சரியாக நடந்தது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. வெயிலில் நின்று நின்று நான் கருத்துப்போனதை நீ ஸ்கூல் ஃபோட்டோவில் பார்த்துக் கிண்டல் பண்ணியிருக்கிறாய். ஞாபகம் இருக்கிறதா?

என்னிடம் ஒரு சுத்தியல் இருந்தது, அதையும் நீ பார்த்திருக்கிறாய். உன் தாத்தா, என் நைனா, கோலார் தங்கவயல் சுரங்கத்தில் மர முட்டுக் கொடுக்கிற வேலையில் இருந்தவர். அடியில் பாறை இறங்காமல் இருக்க நிறுத்தி வைத்திருக்கும் மரங்களை ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் தட்டிக்கொண்டே போவாராம். நல்ல மரம் 'டங்'கென்று கேட்கும், உளுத்தது 'பொத்'தென்று கேட்கும். சுரங்கத்தை மூடினபோது அந்தச் சுத்தியலோடுதான் வீட்டுக்கு வந்தார். நான் அதை வேலைக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மழைக்காலத்துக்கு முன்னால் வார்டில் இருக்கிற பெரிய மரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன். இதற்கென்று மெஷின் எல்லாம் அப்போது எங்கள் ஆபீசில் யார் கண்டார்கள்? தெருவில் என் பெயரே 'சுத்திகெ மேடம்' என்று ஆகிவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் ஒரு தெரு. பெயர் வேண்டாம். இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள், தெரு முழுக்க நிழல். அதில் ஒரு மரத்தடியில் முனியப்பா என்று ஒருவர் இஸ்திரி வண்டி போட்டிருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருப்பார். ஊர் ஆனேக்கல் பக்கம், பாதி கன்னடம் பாதி தமிழ், இரண்டையும் கலந்துகட்டிப் பேசுவார். உன்னுடைய காலேஜ் இன்டர்வியூ சட்டைக்கு மடிப்பு வைத்தது அவர்தான். காசு வாங்கவில்லை, "தம்பி சீட்டு வாங்கிட்டு வரட்டும் மேடம்" என்றார். நீ அவரை மறந்திருப்பாய்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் அந்தத் தெருவில் மோரியை ஆழப்படுத்தச் சொன்னார்கள். ஜேசிபி வந்தது. பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார், அதற்குள் முடிக்க வேண்டும் என்று மேலே இருந்து நெருக்கடி. தோண்டிக்கொண்டே வந்த வண்டி முனியப்பாவின் மரத்தடிக்கு வந்ததும், ரோட்டுப் பக்கம் இருந்த வேர்களில் மாட்டிக்கொண்டது. என் தொடை தடிமன் ஒவ்வொன்றும். நான் அங்கேயே நின்றிருந்தேன். நிறுத்தச் சொல்லியிருக்கலாம். மோரியை இரண்டு அடி தள்ளி வளைத்துக்கொண்டு போயிருக்கலாம், அதற்கு ஒரு நாள் கூடுதலாக ஆகியிருக்கும், பிளானைத் திருத்த வேண்டியிருக்கும், நாலு திட்டு வாங்க வேண்டியிருக்கும். டிரைவர் என்னைப் பார்த்தான். நான் கையை ஆட்டினேன், போ என்று. நாலு வேரையும் அறுத்து எடுத்தான். அன்று சாயந்திரமே மண்ணைப் போட்டு மூடி, மரத்தின் அடித்தண்டை ஒட்டிக் காங்கிரீட் போட்டு, மேலே கல் பதித்தாயிற்று. பார்க்க அழகாக இருந்தது. பார்வையிட வந்தவர் 'குட்' என்றார்.

முனியப்பா மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் என்னைக் கண்டதும், "மேடம், வேரெல்லாம் கட் மாடிட்டாங்களே. மரம் நிக்குமா? நான் வேணா வண்டியை எதிர்ப்பக்கம் தள்ளிக்கட்டா?" என்று கேட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சுத்தியலை எடுத்து மரத்தின் நடுத்தண்டில் ஒரு தட்டுத் தட்டினேன். டங்கென்றது. "கேட்டியா? இரும்பு மாதிரி இருக்கு. நீ இஸ்திரியைப் பாரு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, "சுத்திகெ மேடமே சொல்லிட்டாங்க, இன்னேனு, வேற என்ன வேணும்" என்று கரி ஊத ஆரம்பித்துவிட்டார். சத்தம் பொய் சொல்லவில்லை அருளு. தண்டு நல்ல தண்டுதான். வேர் போன மரத்தின் தண்டைத் தட்டிக் காட்டினவள் நான். சுரங்கத்தில் நைனா அப்படித் தட்டிக் காட்டியிருந்தால் பத்துப் பேர் செத்திருப்பார்கள்.

சித்திரை மழை, மத்தியானம் மூன்று மணிக்கு, ஆலங்கட்டியோடு. மரம் ரோட்டுப் பக்கம் சாயவில்லை, வேர் அறுந்த பக்கத்தில் பிடிமானம் இல்லாமல் பின்பக்கமாக, ஃபுட்பாத்தின் மேல் சாய்ந்தது. வண்டி நொறுங்கியது. முனியப்பாவின் வலது தோளும் கையும் கிளைக்கு அடியில். உயிர் தப்பியது, கை தப்பவில்லை. ஆறு மாசம் ஆஸ்பத்திரிக்கு அலைந்து, கடைசியில் அந்தக் கை தொங்குகிற கையாகவே நின்றுவிட்டது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்க முடியாத இஸ்திரிக்காரர்.

மரம் ஏன் விழுந்தது என்று நான்தான் ரிப்போர்ட் எழுத வேண்டும். அந்தப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் வயது, காற்று, பூச்சி அல்லது நோய் என்று அச்சடித்திருந்தது. 'நாங்களே வேரை வெட்டினோம்' என்று அச்சடித்த படிவம் எந்த ஆபீசில் இருக்கிறது? விழுந்த தண்டைப் போய்ப் பார்த்தேன். ஒரு துளை இல்லை, துளையிலிருந்து கொட்டுகிற மரத்தூள் இல்லை, பட்டை ஈரமாக, உயிராக இருந்தது. தட்டினேன், விழுந்து கிடந்தபோதும் டங்கென்றுதான் கேட்டது. உட்கார்ந்து 'பூச்சி' என்று எழுதினேன். மேலதிகாரி படித்துவிட்டு, "பூச்சி எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்கம்மா, ஒரு காரணம் போடு" என்றார். அவர் காரணம் என்ன என்று சொல்லவில்லை. அதை நானாக யோசித்துப் போட்டேன். 'மரத்தடியில் இஸ்திரி வண்டியின் சூடான சாம்பல் தொடர்ந்து கொட்டப்பட்டு வந்ததால் மரம் பலவீனமடைந்து பூச்சித் தாக்குதலுக்கு உள்ளானது.' இந்த வரி என் வரி. என் மண்டையில் உதித்து, என் கையால் எழுதியது. நம் வார்டில் இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதமாட்டார்கள் என்று அவர் பாராட்டினார். சீ.

ஒரு பொய்யோடு நிற்கும் என்றுதான் நினைத்தேன். பூச்சி என்று ஃபைலில் ஏறிவிட்டால் பூச்சி பரவும் இல்லையா? பக்கத்து மரங்களையும் பார்க்க வேண்டும் என்று யாரோ குறிப்பு எழுத, பார்க்காமலேயே வேறு யாரோ ஒப்புக்கொள்ள, அடுத்த மாசம் அதே வரிசையில் ஐந்து மரங்களை வெட்டினார்கள். ஐந்தும் நல்ல மரம். வெட்டும்போது நானே நின்று மேற்பார்வை பார்த்தேன். அந்தத் தெருவில் இப்போது பகலில் நடக்க முடியாது, அவ்வளவு வெயில்.

நான் ஏன் அப்படி எழுதினேன் என்று நீ கேட்பாய். அந்த வருஷம் நீ பி.யூ. முடித்திருந்தாய், இன்ஜினியரிங் சீட்டுக்காகக் காத்திருந்தோம், என்னை சஸ்பெண்ட் பண்ணிவிட்டால் என்ன ஆவது என்று. இதைத்தான் பத்து வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பிள்ளைக்காகத்தானே என்று. இல்லை அருளு. உன்னை இதில் இழுத்தது அடுத்த பொய். நீ பிறக்காமலே இருந்திருந்தாலும் நான் அதைத்தான் எழுதியிருப்பேன். பயந்தேன், அவ்வளவுதான். சுத்திகெ மேடம் தப்பு செய்துவிட்டாள் என்று தெருவில் பேசுவார்களே என்று பயந்தேன்.

அப்புறம் அந்தத் தெரு வழியாகப் போவதைத் தவிர்க்கவில்லை. தவிர்த்திருந்தால்கூடக் கொஞ்சம் மனசாட்சி இருந்தது என்று சொல்லலாம். கோயிலுக்குப் போக அதுதான் குறுக்கு வழி, போய்க்கொண்டுதான் இருந்தேன். முனியப்பாவின் மனைவி லட்சுமி இஸ்திரி போடுவாள், அவர் இடது கையால் மடித்துக் கொடுப்பார். "நல்லா இருக்கீங்களா மேடம்" என்பார். தலையாட்டிவிட்டுப் போவேன்.

நீ போன் செய்த மறுநாள், திங்கட்கிழமை, உன்னிடம் சொன்னது உறுத்திக்கொண்டே இருக்க, அந்த வழியாக நடந்தேன். பழைய மரம் நின்ற இடத்தில் ஒரு புங்கங்கன்று வைத்திருக்கிறார்கள், என் இடுப்பு உயரம் வந்திருக்கிறது. முனியப்பா அதைச் சுற்றி முள் கட்டியிருந்தார். லட்சுமி பெட்டியிலிருந்து சாம்பலைத் தட்டினாள், ஒரு பெயின்ட் டப்பாவில். அவர் அந்த டப்பாவை இடது கையில் தூக்கிக்கொண்டு, ரோட்டைத் தாண்டி, தெருமுனை வரைக்கும் நடந்துபோய்க் குப்பை வண்டியில் கொட்டிவிட்டு வந்தார். மூச்சு வாங்கியது. "ஏன்ப்பா இவ்வளவு தூரம்?" என்று கேட்டுவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"என்னால ஒரு மரம் போச்சு மேடம்" என்றார். "நான் கொட்டின சாம்பல்தானே. எனக்கு ஆனது ஆயிட்டுப் போகட்டும், பாவம், பக்கத்து மரமெல்லாம் போச்சே. இது போதும்."

ஆபீசில் ரிப்போர்ட்டைக் கேட்கப் போன லட்சுமிக்கு யாரோ அந்த வரியைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் அதைத் தன் தப்பாகவே சுமந்துகொண்டு திரிகிறார். கையைப் போக்கினேன், அது போதாதென்று பழியையும் அவர் தோளிலேயே வைத்திருக்கிறேன், அதுவும் எந்தத் தோளில்! நான் அங்கே ஒன்றும் பேசவில்லை அருளு. அப்போதும் பேசவில்லை. "வரேன்ப்பா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உங்கள் அப்பா பிரஷர் மாத்திரை போட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

நேற்றுப் போய்ச் சொன்னேன். முட்டி வலியோடு ஃபுட்பாத் கல்லில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன். ஜேசிபி, நாலு வேர், நான் கையை ஆட்டியது, தண்டைத் தட்டிக் காட்டியது, ரிப்போர்ட்டில் எழுதிய வரி. முனியப்பா மடித்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே பிடித்தபடி கேட்டார். முடித்ததும், "சாம்பல் இல்லையா?" என்றார்.

"இல்லப்பா."

"பூச்சி?"

"பூச்சியும் இல்ல. வேரு. நான்தான்."

"அய்யோ தேவரே" என்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. திரும்பி, "ஏய் லட்சுமி, பெட்டியைக் கீழ வை. மேடம், இன்னொரு வாட்டி சொல்லுங்க, அவளுக்கும் கேக்கட்டும்" என்றார். இன்னொரு தடவை சொன்னேன். பக்கத்துப் பூக்காரம்மா, ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் உடைந்து அழுதார், குழந்தை மாதிரி, "சாம்பல் இல்லையாம், சாம்பல் இல்லையாம்" என்று.

லட்சுமி அழவில்லை. அவள் கேட்டதை உனக்குக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது உன் விஷயம். மரம் என்றாலே சாமி, ஒரு இலையைத் தொடக்கூடாது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள் உன் மலை ஊரிலும் இருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு அந்த ஏழு மரத்தையும் விட்டுவைக்காதே. புழு உள்ளே போன மரத்தை விட்டால் அடுத்த வரிசைக்கும் போகும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிற ரோட்டில் விழும். வெட்டு. வெட்டின கட்டையை விறகுக்கென்று ஒருத்தரும் எடுத்துக்கொண்டு போகாமல் அங்கேயே எரி, விறகோடு புழு அடுத்த தெருவுக்குக் குடி போய்விடும். சரிவில் இருக்கிற மரம் என்றால் வெட்டினாலும் வேரைத் தோண்டாமல் மண்ணிலேயே விடு. ரோட்டை அகலப்படுத்தவும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் திரும்ப முடியாத ரோட்டில் மனுஷர்கள்தான் இருக்கிறார்கள். ஆனால் ரோட்டுக்காக வெட்டுகிறோம் என்றால் ரோட்டுக்காக வெட்டுகிறோம் என்று எழுதட்டும். ஊரைக் கூட்டட்டும். அந்தப் பதினெட்டு வீட்டுக்காரர்களும் வந்து, எங்கள் தலைக்கு மேல் மண் சரிந்தால் யார் பொறுப்பு என்று முகத்துக்கு நேரே கேட்கட்டும். பூச்சி என்று எழுதினால் அந்தக் கேள்வியை யாருமே கேட்க முடியாது. அதற்குத்தான் பூச்சி என்று எழுதச் சொல்கிறார்கள். நான் எழுதினவள், எனக்குத் தெரியும்.

தாத்தாவின் சுத்தியலை இந்தக் கடிதத்தோடு கூரியரில் அனுப்புகிறேன், திங்கட்கிழமை கிடைத்துவிடும் என்றான் கூரியர்க்காரன். பிடி கொஞ்சம் ஆடுகிறது, ஒரு ஆப்பு அடித்துக்கொள். நீ கையெழுத்துப் போட வேண்டியது புதன்கிழமை, நடுவில் ஒரு முழு நாள் இருக்கிறது. நாற்பது மரத்தையும் தட்டு. தண்டை மட்டும் தட்டிவிட்டு வந்துவிடாதே, உன் அம்மா அப்படித்தான் ஏமாற்றினாள். மண்டி போட்டு அடியைப் பார், நாலு பக்கமும் வேர் இருக்கிறதா, யாராவது புதிதாக மண் மூடியிருக்கிறார்களா என்று. ஒவ்வொரு மரத்துக்கும் கண்டதை உன் கையால் எழுது. டைப் பண்ணிக் கொடுத்த தாளில் எழுதாதே. மெமோ கொடுப்பார்கள், எங்கேயாவது தூக்கியடிப்பார்கள். அடிக்கட்டும். பரீட்சை எழுதி எழுதி வாங்கின வேலை என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொல்கிறேன். எனக்கும் ஆபீசிலிருந்து ஏதாவது நோட்டீஸ் வரும், வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன், அதற்காக நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே.

லட்சுமி கேட்டது இதுதான். பெட்டியைத் துணியின் மேலேயே வைத்துவிட்டாள், ஏதோ ஒரு வெள்ளைச் சட்டை தீய்கிற வாசம் வந்தது, அவள் எடுக்கவில்லை. என்னைப் பார்த்து, "பத்து வருஷமா இந்தத் தெருவுல நீங்க எத்தனை வாட்டி நடந்து போனீங்க மேடம்?" என்றாள்.

நான் கல்லிலிருந்து எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். முனியப்பாதான் இடது கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார்.

உன் ஆபீசுக்குப் போகிற வழி அந்தப் பதினெட்டு வீட்டுக்கு நடுவில்தான் போகிறது என்று நீயே சொன்னாய். தினமும் அந்த வழியாகத்தான் நீ நடக்க வேண்டும்.

அம்மா